மெட்ரோ வரும்வரை சென்னையை யார் சுமப்பது?

#1 துரைப்பாக்கம்வாசி

பழைய மகாபலிபுரம் சாலையின் நடுவில் மெட்ரோ தூண்கள் எழுந்து நிற்கின்றன. வேலை நடப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை 45.8 கிலோமீட்டர் தடம் இந்த நகரத்துக்கு எப்போதோ வந்திருக்க வேண்டும். நான் கேட்க வந்தது வேறு. சாலையின் நடுப்பகுதியை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள், சரி. மிச்சமிருக்கும் சாலையில் யாருக்கு முதலில் வழி விடுவது என்று யாராவது உட்கார்ந்து முடிவு செய்தார்களா? காரில் ஒருவர் போகிறார், பஸ்ஸில் எழுபது பேர் போகிறார்கள். இரண்டுக்கும் ஒரே வரிசை, ஒரே காத்திருப்பு.

இந்தச் சாலைக்கு வண்டி வைத்திருந்தவர்கள் தனியாகப் பணம் கட்டினார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. பெருங்குடி உள்ளிட்ட நான்கு சுங்கச்சாவடிகளில் 2021 ஆகஸ்ட் முடியும்வரை வசூல் நடந்தது. நாவலூரில் 2023 அக்டோபரில்தான் நின்றது. அந்தப் பணத்துக்குக் கிடைத்த அகலமான சாலை இப்போது பாதியாகிவிட்டது. பொதுநன்மைக்காக என்றால் யாரும் முணுமுணுக்க மாட்டோம். ஆனால் சாலையைச் சுருக்கும் அன்றைக்கே அதில் ஓடும் பஸ்களைக் கூட்டுவதுதானே முறை? ரயில் ஓடத் தொடங்கும்வரை சிறுசேரிக்கும் சோழிங்கநல்லூருக்கும் பெரும்பாக்கத்துக்கும் போகிறவர்களைப் பஸ்தான் சுமக்க வேண்டும். அந்தப் பஸ்ஸைப் பற்றி எந்த அறிவிப்பிலும் ஒரு வரி கூட என் கண்ணில் படவில்லை.

அரசு இதைச் சரிசெய்யும் என்று உங்களில் யாருக்காவது நம்பிக்கை இருக்கிறதா? இருந்தால் எதை வைத்து? இல்லையென்றால் அது எப்போது போனது? மனம் திறந்து எழுதுங்கள்.

#2 வரிகட்டுபவன்

எனக்கு இல்லை. எப்போது போனது என்று கேட்டதால் சொல்கிறேன்: கூவத்துக்குள் நின்ற தூண்களைப் பார்த்துப் பார்த்துப் போனது.

துறைமுகம்–மதுரவாயல் உயர்மட்டச் சாலைக்கு 2009 ஜனவரியில் அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். 19 கிலோமீட்டர், 1,815 கோடி ரூபாய். 2012-இல் தூண்கள் ஆற்றின் நீரோட்டத்தைத் தடுக்கின்றன என்று சொல்லி மாநில அரசு வேலையை நிறுத்தியது. அதன்பின் பத்தாண்டுகள் அந்தத் தூண்கள் எதையும் தாங்காமல் ஆற்றில் நின்றன. 2022 மே மாதம் அதே வழித்தடத்துக்கு ஈரடுக்குச் சாலையாக இன்னொரு அடிக்கல், இம்முறை பிரதமர் மோடி. மதிப்பீடு 5,800 கோடியைத் தாண்டிவிட்டது. நடுவில் ஓடிய ஆண்டுகளில் துறைமுகத்துக்குப் போன ஒவ்வொரு கன்டெய்னர் லாரியும் நகரத்துக்குள்ளேதான் நின்றது. போரூர் மேம்பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2010-இல் தொடங்கிய ஒரு சந்திப்புப் பாலத்தை 2017-இல்தான் திறந்தார்கள்.

இதில் ஒரு கட்சியை மட்டும் குறைசொல்ல நான் வரவில்லை. ஒருவர் தொடங்குவதை இன்னொருவர் நிறுத்துகிறார், நிறுத்தியதற்கு யாரும் பதில் சொல்வதில்லை. நான் காரில் போகிறேன். பஸ்ஸில் போனால் எத்தனை மணிக்குப் போய்ச் சேருவேன் என்று எனக்கு உறுதி சொல்ல ஆளில்லை. அதனால்தான் கார். சாலை எவ்வளவு நெரிசலாக இருந்தாலும் கார் வீட்டு வாசலில் நிற்கிறது என்ற ஒன்றாவது உறுதி.

#3 சுரங்கப்பொறியாளர்

நகரத்துக்கு அடியில் வேலை செய்து பழகியவன் என்ற முறையில் சில செய்திகள்.

மெட்ரோ முதல் கட்ட வேலை 2009-இல் தொடங்கியது. கோயம்பேடு–ஆலந்தூர் 2015 ஜூன் 29 அன்று திறக்கப்பட்டது. 45 கிலோமீட்டரும் முடிந்தது 2019 பிப்ரவரியில், வண்ணாரப்பேட்டை–ஏ.ஜி. டி.எம்.எஸ். பகுதி திறந்தபோது. ஏன் இவ்வளவு காலம்? சென்னையின் மண் ஒரு காரணம். சுரங்க இயந்திரத்தின் முகப்பில் மேல்பாதி களிமண்ணும் கீழ்ப்பாதி பாறையுமாக வந்தால் இயந்திரம் ஒரு பக்கம் இழுக்கும், வெட்டும் பற்கள் உடையும், உள்ளே ஆளிறங்கி மாற்ற வேண்டும். அண்ணா சாலைக்கு அடியில் வேலையெடுத்த ஒப்பந்ததாரர் பாதியில் விலகியது இன்னொரு காரணம். மறு ஒப்பந்தம் என்றால் இயந்திரத்தை யார் பொறுப்பேற்பது என்பதிலிருந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து பேச வேண்டும். 2017 ஏப்ரலில் அண்ணா சாலையில் ஒரு பஸ்ஸும் காரும் பள்ளத்துக்குள் இறங்கியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லாமல் போனது நம் நல்லகாலம். மண்ணுக்கடியில் எந்தக் குழாய் எங்கே போகிறது என்பதற்கு முழுமையான வரைபடம் இல்லாத ஊரில் அவசரப்பட்டால் இப்படித்தான் ஆகும்.

ஆகவே தாமதத்தை ஏமாற்று வேலை என்று நான் சொல்ல மாட்டேன். பூமிக்கடியில் என்ன இருக்கும் என்று தெரியாமலே ஒற்றைத் தேதியை மேடையில் அறிவிக்கிறார்களே, அதைத்தான் தவறு என்பேன். இந்தப் பகுதி இந்தக் காரணத்தால் தள்ளிப்போகலாம், போனால் இவ்வளவு மாதம் போகும் என்று முன்கூட்டியே எழுதி வைத்தால் மக்கள் புரிந்துகொள்வார்கள். இரண்டாம் கட்டத்தில் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். அடிக்கல் 2020 நவம்பர். மத்திய அமைச்சரவை ஒப்புதல் 2024 அக்டோபர் 3. இடையில் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் பணச்சுமை யாருடையது என்ற பேச்சிலேயே போயின. அந்தப் பேச்சு டெல்லிக்கும் கோட்டைக்கும் நடுவில் நடந்தது, தடுப்பு வேலிக்கு வெளியே நின்றவர்களிடம் அதை விளக்கிச் சொல்ல யாரும் வரவில்லை.

#4 வடசென்னைக்காரன்

எல்லோரும் போனதையே பேசுகிறீர்கள். வந்ததைப் பற்றி நான் ஒன்று சொல்கிறேன்.

2021 பிப்ரவரி 14 அன்று விம்கோ நகர் வரை ஒன்பது கிலோமீட்டர் நீட்டிப்பு திறந்தது. தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் இருப்பவர்களுக்கு அது என்ன என்று தென்சென்னையில் இருப்பவர்களுக்குப் புரியாது. எங்கள் பகுதியில் எண்ணூர் நெடுஞ்சாலை லாரிக்கானது. மணலியும் துறைமுகமும் அனல்மின் நிலையமும் எங்களைச் சுற்றித்தான் இருக்கின்றன, அவற்றுக்குப் போகும் வண்டிகளின் நடுவில்தான் எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். இந்த நகரம் எங்களுக்கென்று முதன்முதலாகக் குளிரூட்டிய நல்ல வண்டி ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியபோது எங்கள் தெருவில் பெரியவர்கள் வேட்டி மாற்றிக்கொண்டு பார்க்கப் போனார்கள். அதே மாதம் அதிகபட்சக் கட்டணத்தை 70 ரூபாயிலிருந்து 50 ஆகவும் குறைத்தார்கள். ஆகவே அரசால் எதுவும் முடியாது என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எனக்கிருக்கும் குறை ஒன்றே ஒன்று. நிலையத்திலிருந்து உள்ளே மூன்று கிலோமீட்டர் போக வேண்டியவனுக்கு என்ன இருக்கிறது? ஷேர் ஆட்டோதான். அவன் நிரம்பினால்தான் எடுப்பான்.

#5 குரோம்பேட்டை ஆசிரியை

நடையைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். 2008-இல் சென்னைப் பெருநகரில் எடுத்த பயண ஆய்வில் கால்நடையாக நடந்த பயணங்கள் நூற்றுக்கு 28. பஸ் 26. அதாவது பஸ்ஸைவிட நடந்துபோனவர்கள்தான் அதிகம். பஸ்ஸில் போகிறவரும் நிறுத்தம்வரை நடந்துதான் போகிறார்.

2014-இல் சென்னை மாநகராட்சி மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கை என்று ஒன்றை ஏற்றது. போக்குவரத்துக்கான நிதியில் 60 விழுக்காடு நடைபாதைக்கும் சைக்கிளுக்கும் என்று அதில் எழுதியிருக்கிறது. இந்தியாவிலேயே முதல் நகரம் என்று பாராட்டினார்கள். பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் திறந்த நடைபாதை வளாகம் உண்மையிலேயே அழகாக இருக்கிறது, அதைச் செய்தவர்களை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையில் மூட்டுவலியுள்ள ஒரு அம்மா பஸ் நிறுத்தத்திலிருந்து எதிர்ப்பக்கம் போய்ச் சேர வேண்டும் என்றால்? நடைபாதை ஓரடி உயரத்தில் தொடங்கி ஒரு மின்மாற்றியில் முடிகிறது. பள்ளி விட்டதும் என் மாணவிகள் சாலையோடு சாலையாகத்தான் நடக்கிறார்கள்.

கொள்கையை எழுதியவர்கள் நல்லவர்கள்தான், சந்தேகமில்லை. அதை எந்தத் தெருவில் எந்த ஆண்டு முடிப்பார்கள் என்று எழுதாமல் விட்டதுதான் குறை.

#6 ஓய்வுபெற்ற நடத்துநர்

பிள்ளைகள் பேசுவதைப் படித்தேன். பஸ்ஸுக்குள் வாழ்நாளைக் கழித்தவன், நான் சொல்வதையும் கேளுங்கள்.

பஸ் ஏன் அரைமணி நேரம் வராமல் இருந்துவிட்டு மூன்றாகச் சேர்ந்து வருகிறது என்று கேட்காத பயணி இல்லை. ஓட்டுநர்கள் டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று நினைப்பார்கள். நடப்பது என்னவென்றால், முன்னால் போகும் வண்டி ஒரு சிக்னலில் ஐந்து நிமிடம் மாட்டுகிறது. அடுத்த நிறுத்தத்தில் அந்த ஐந்து நிமிடத்துக்குச் சேர்ந்த கூட்டமும் அதில்தான் ஏற வேண்டும். ஏற நேரமாகிறது, இறங்க நேரமாகிறது, இன்னும் பின்தங்குகிறது. பின்னால் வருகிற வண்டிக்கு ஆளே இல்லை. அது நிற்காமல் வந்து முன்வண்டியைப் பிடித்துவிடுகிறது. இதைப் பிரித்துவிட வேண்டும் என்றால் சாலையில் ஆள் இருந்து ஒரு வண்டியை நிறுத்தி வைக்க வேண்டும், அல்லது பஸ்ஸுக்குத் தனிவழி வேண்டும். இரண்டும் இல்லாமல் ஓட்டுநரைத் திட்டிப் பயனில்லை.

அடுத்தது சிங்கிள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒருமுறை போவதைச் சிங்கிள் என்போம். எட்டு மணிநேரப் பணியில் இத்தனை சிங்கிள் என்று ஷெட்யூல் இருக்கும். சாலை நன்றாக இருந்த காலத்தில் போட்ட கணக்கு அது. இப்போது தடுப்பு வேலிகளுக்கு நடுவில் ஊர்ந்து போனால் பணிநேரத்துக்குள் அத்தனை சிங்கிளும் அடிக்க முடியுமா? முடியாது. நேரக் காப்பாளர் கடைசிச் சிங்கிளை வெட்டி வண்டியை டிப்போவுக்கு அனுப்புவார். காகிதத்தில் அந்த வழித்தடத்தில் அதே எண்ணிக்கை வண்டிகள்தான் இருக்கும். நிறுத்தத்தில் நிற்பவர்களுக்கு மட்டும் இரவு எட்டுமணி வண்டி வராமல் போயிருக்கும். தம்பி துரைப்பாக்கம்வாசி, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. சாலையைச் சுருக்கினால் அதே சேவையைக் கொடுப்பதற்கே கூடுதல் வண்டி வேண்டும், கூடுதல் ஆள் வேண்டும். கூட்டாமல் விட்டாலே அது குறைத்ததற்குச் சமம். இதை யாரும் அறிவிக்கவும் தேவையில்லை, தானாகக் குறைந்துவிடும்.

மாநகர் போக்குவரத்துக் கழகத்தில் இருக்கும் வண்டிகள் மூவாயிரத்துச் சொச்சம். மத்திய நகர்ப்புற அமைச்சகத்தின் அளவுகோல் ஆயிரம் பேருக்கு 0.6 வண்டி. 2011 கணக்கெடுப்பில் சென்னைப் பெருநகர் மக்கள்தொகை 86 லட்சத்துக்கு மேல். நீங்களே பெருக்கிப் பாருங்கள், அன்றைய கணக்குக்கே ஐயாயிரத்துக்கு மேல் வருகிறது. மாநகராட்சி எல்லையை 2011-இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக்கினார்கள். வண்டி அந்த அளவுக்குப் பெருகவில்லை.

#7 குரோம்பேட்டை ஆசிரியை

ஐயா, உங்கள் பதிவை எங்கள் ஆசிரியர் அறையில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஒன்று கேட்க வேண்டும். மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்ததால்தான் கழகம் நொடிந்தது, பஸ் குறைந்தது என்று பலரும் பேசுகிறார்கள். அது உண்மையா?

#8 ஓய்வுபெற்ற நடத்துநர்

இல்லை அம்மா. 2021 மே மாதம் அந்தத் திட்டம் வந்தது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே நட்டம் இருக்கிறது. கட்டணத்தை ஆண்டுக்கணக்கில் தொடாமல் வைத்துவிட்டு 2018 ஜனவரியில் ஒரேயடியாக உயர்த்தினார்கள், மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், பிறகு கொஞ்சம் குறைத்தார்கள். ஓய்வுபெற்றவர்களின் நிலுவைக்காக 2024 ஜனவரியில் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தமே செய்தன. இதற்கெல்லாம் காரணம் பெண்களா? பெண்களுக்கும் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறோம், அந்தக் கணக்கை வைத்து அரசு கழகத்துக்குப் பணம் தருகிறது. மாநிலத் திட்டக்குழு ஆய்வில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக மாதம் 888 ரூபாய் மிச்சமாகிறது என்று வந்தது. வீட்டுவேலைக்குப் போகும் பெண்ணுக்கு அது அரிசிக்கும் பருப்புக்குமான காசு. முன்னெல்லாம் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடப்பார்கள், அடுத்த கட்டண நிலைக்குப் போகாமலிருக்க. அதை நான் என் கண்ணால் பார்த்தவன்.

குறை சொல்ல வேண்டுமென்றால் இதைச் சொல்லுங்கள்: அந்தச் சலுகை சாதாரணக் கட்டண வண்டிக்கு மட்டும். சொகுசு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும்போது அவர்கள் சாதாரண வண்டிக்காக நிற்கிறார்கள்.

#9 வரிகட்டுபவன்

ஐயா சொன்ன சிங்கிள் கணக்கு எனக்குப் புதிது. அதை ஏற்கிறேன். ஆனால் அது என் சந்தேகத்தை அதிகமாக்குகிறது. நிறுத்தத்தில் நிற்பவனுக்கு வராத வண்டி காகிதத்தில் ஓடுகிறது என்றால், வண்டி வாங்குவதற்கு ஒதுக்கிய பணத்தை நான் எதை நம்பி ஆதரிப்பது? 2025 ஜூனில் வியாசர்பாடியில் 120 மின்சார பஸ்களைத் தொடங்கிவைத்தார்கள். நல்லது. அவை நாளொன்றுக்கு எத்தனை சிங்கிள் ஓடின, எத்தனை வெட்டப்பட்டன என்று எனக்குச் சொல்லுங்கள். கொடியசைத்த படம் போதாது.

#10 கடல்கடந்தவன்

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே வந்து நீண்டகாலமாகிவிட்டது, ஆனாலும் தாம்பரம்–கடற்கரை மின்ரயில் என்றால் மனம் அங்கே போய்விடுகிறது.

சிங்கப்பூரை எடுத்துக்காட்டாகச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் மெட்ரோவைச் சொல்கிறார்கள். இங்கே முதல் மெட்ரோ ஓடியது 1987 நவம்பரில். நகர மையத்துக்குள் காலைநேரத்தில் காரில் நுழைய அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும் என்ற திட்டம் வந்தது 1975-இல். பன்னிரண்டு ஆண்டுகள் முன்னால்! அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளும் காரை விட்டவர்களைச் சுமந்தது பஸ்தான். 1973-இல் சிதறிக்கிடந்த தனியார் பஸ் நிறுவனங்களை இணைத்து ஒன்றாக்கினார்கள். 1974-இல் பஸ்ஸுக்குத் தனிவழி கோடு போட்டார்கள். பிறகுதான் காருக்குக் கட்டணம். லண்டனிலும் 2003 பிப்ரவரியில் நெரிசல் கட்டணம் தொடங்கியபோது முன்னூறு கூடுதல் பஸ்களைச் சாலையில் இறக்கிவிட்டுத்தான் தொடங்கினார்கள்.

சென்னையில் காருக்குக் கட்டணம் போட வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் வரிசையை மாற்றினால் அது வெறும் வசூலாகிவிடும். சிங்கப்பூர் அரசுக்குக் கட்டளையிடுவது எளிது, எதிர்ப்பு குறைவு, ஊரும் சிறியது என்பதையும் நான் மறைக்கவில்லை. இங்கே செய்த அனைத்தையும் அங்கே செய்ய முடியாது. கோடு போடுவதைச் செய்யலாம்.

#11 துரைப்பாக்கம்வாசி

அந்தக் கோட்டைத்தான் நான் கேட்கிறேன். காலை எட்டிலிருந்து பதினொன்று, மாலை ஐந்திலிருந்து ஒன்பது. அந்த நேரத்துக்கு மட்டும் ஒரு வழி பஸ்ஸுக்கு. கேமரா இருக்கிறது, அபராதம் போடும் முறை இருக்கிறது. கான்கிரீட் கூடத் தேவையில்லை, வண்ணம் போதும்.

#12 வரிகட்டுபவன்

டெல்லியில் செய்தார்கள். அம்பேத்கர் நகர்–மூல்சந்த் இடையே 5.8 கிலோமீட்டர், 2008-இல். காரில் போகிறவர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். 2012-இல் உயர்நீதிமன்றம் அவர்கள் மனுவைத் தள்ளுபடி செய்தும் 2016-இல் அரசே அதை இடித்துவிட்டது. சென்னையில் அதைவிடத் துணிச்சலான அரசு வரும் என்று உங்களால் சொல்ல முடியுமா?

#13 கடல்கடந்தவன்

டெல்லியில் அந்த வழி தோற்றதற்கு வடிவமைப்பும் காரணம். பஸ் வழி சாலையின் நடுவில், நிறுத்தங்கள் சந்திப்புகளுக்குப் பக்கத்தில், வேறு வழித்தட பஸ்கள் எல்லாம் அதற்குள் வந்து சேர்ந்தன, சிக்னலில் வரிசை நீண்டது. பஸ்ஸில் போனவர்களுக்கு நேரம் மிச்சமானது என்பதை யாரும் உரக்கப் பேசவில்லை. காரில் போனவர்களுக்குப் பத்திரிகையும் தொலைக்காட்சியும் இருந்தன. பஸ் பயணிகளுக்கு என்று ஒரு சங்கம் இருந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கலாம்.

#14 வடசென்னைக்காரன்

பறக்கும் ரயிலையும் சொல்லிவிடுகிறேன், அதை விட்டால் இந்த இழை முழுமையாகாது. 1995-இல் கடற்கரை–சேப்பாக்கம். வேளச்சேரி போய்ச் சேர்ந்தது 2007 நவம்பரில். அங்கிருந்து பரங்கிமலைக்கு ஐந்தே கிலோமீட்டர். அதில் அரை கிலோமீட்டர் நிலத்துக்கான இழப்பீட்டு வழக்குகளில் பத்தாண்டுகளுக்கு மேல் போயின. நிலம் கொடுத்தவர்கள் நியாயமான விலை கேட்டார்கள், அதில் தவறில்லை. அதைப் பேசி முடிக்க வேண்டியவர்கள் யார் என்பதில்தான் ஒருவர் இன்னொருவரைக் காட்டினார்கள்.

2023 ஆகஸ்ட் 27 முதல் நான்காவது பாதை வேலைக்காகக் கடற்கரை–சிந்தாதிரிப்பேட்டை இடையே ரயிலை நிறுத்தினார்கள். ஏழு மாதம் என்றார்கள். திரும்ப ஓடியது 2024 அக்டோபர் 29. பதினான்கு மாதங்கள். வேளச்சேரியிலிருந்து பாரிமுனைக்குக் கூலிவேலைக்கு வந்தவர்கள் அத்தனை மாதமும் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி வேறு வழி தேடினார்கள். ஏழாவது மாதம் முடிந்தபோது, "இன்னும் ஏழு மாதம் ஆகும், இந்தக் காரணத்தால்" என்று நிலைய வாசலில் ஒரு பலகை வைக்க என்ன செலவாகும்? பொறியாளர் ஐயா மேலே சொன்னது இதற்கும் பொருந்தும்.

கிளாம்பாக்கமும் இதே கதைதான். 2023 டிசம்பர் 30 அன்று 88 ஏக்கரில் பேருந்து முனையம் திறந்தார்கள். ரயில்பாதை எதிர்ப்பக்கம் கண்ணெதிரே போகிறது, திறந்த நாளில் இறங்க நிலையம் இல்லை. முனையத்தைக் கட்டியவர்கள் ஒரு துறை, ரயில் இன்னொரு துறை, உயர்நடை மேம்பாலம் வேறொரு கணக்கு. நடுராத்திரி மூட்டையும் குழந்தையுமாகத் திருச்சியிலிருந்து வந்து இறங்குகிறவருக்கு இந்தத் துறைகள் எல்லாம் ஒரே அரசுதான்.

#15 சுரங்கப்பொறியாளர்

துறைகளைச் சேர்ப்பதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமச் சட்டம், 2010. அந்தக் குழுமத்தின் முதல் கூட்டம் முதலமைச்சர் தலைமையில் நடந்தது 2022 நவம்பரில். நடுவில் பன்னிரண்டு ஆண்டுகள். அந்தக் காலத்தில்தான் மெட்ரோ முதல் கட்டத்தின் பெரும்பகுதி கட்டப்பட்டது, பஸ் நிறுத்தங்களும் நிலைய வாசல்களும் தனித்தனியாக முடிவாகின. வடசென்னை நண்பர் கேட்ட மூன்று கிலோமீட்டருக்கான பதில் அந்த ஆண்டுகளில் எழுதப்பட்டிருக்க வேண்டியது.

ஆனாலும் 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்' செயலியை அந்தக் குழுமம் கொண்டுவந்ததை நான் சிறியதாக நினைக்கவில்லை. பஸ், மெட்ரோ, மின்ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் என்று இருபது ஆண்டுகளாகப் பேசியதைச் செய்து காட்டினார்கள். செயலிக்குள் பஸ் எங்கே வருகிறது என்ற தகவலும் வருகிறது. அப்படியென்றால் எந்த வண்டி எந்தச் சிங்கிளை ஓட்டியது, எதை விட்டது என்பதும் அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது. வரிகட்டுபவன் கேட்ட கணக்கை வெளியிட இனிப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை.

#16 துரைப்பாக்கம்வாசி

இந்த இழையில் எனக்கு உருப்படியாகக் கிடைத்தது இதுதான். மெட்ரோ எப்போது முடியும் என்று கேட்டால் ஆயிரம் காரணம் வரும், அவற்றில் பல உண்மையான காரணங்கள். நேற்று இந்த வழித்தடத்தில் எத்தனை சிங்கிள் ஓட வேண்டியது, எத்தனை ஓடியது என்று கேட்டால் பதில் இரண்டு எண்தான். நாள்தோறும், டிப்போவாரியாக, வழித்தடவாரியாக அதை வெளியிடட்டும். மெட்ரோவில் 2024-இல் பத்துக் கோடிக்கு மேல் பயணங்கள் நடந்தன. பஸ்ஸில் ஒருநாளைக்கே முப்பது லட்சத்துக்கு மேல். நகரம் எதன் மேல் நிற்கிறது என்பது அந்தக் கணக்கிலேயே தெரிகிறது. அந்த முப்பது லட்சத்தைப் பற்றிய உண்மையை அரசு தானாகச் சொல்லத் தொடங்கினால், 118.9 கிலோமீட்டரைப் பற்றி அது சொல்வதையும் நான் நம்புவேன்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஆளுக்கொரு மனு போடலாமா? பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். இராஜீவ் காந்தி சாலையில், அதாவது பழைய மகாபலிபுரம் சாலையில், ஓடும் வழித்தடங்களுக்கு நான் போடுகிறேன்.

#17 குரோம்பேட்டை ஆசிரியை

ஜி.எஸ்.டி. சாலை வழித்தடங்களுக்கு நான். எங்கள் பள்ளிக்குப் பக்கத்து நடைபாதை எந்த ஆண்டுப் பட்டியலில் இருக்கிறது என்பதையும் தனி மனுவாகக் கேட்கிறேன்.

#18 வடசென்னைக்காரன்

எண்ணூர், மணலி, மாதவரம் எங்கள் பக்கம். மூன்று பேர் இருக்கிறோம்.

#19 ஓய்வுபெற்ற நடத்துநர்

போடுவதற்கு முன்னால் வாசகத்தைச் சரியாக எழுதுங்கள் பிள்ளைகளே. "எத்தனை பஸ்கள் இயக்கப்படுகின்றன" என்று கேட்டால் ஒதுக்கிய வண்டி எண்ணிக்கையைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், அது பொய்யும் ஆகாது. "அட்டவணைப்படி இயக்கப்பட வேண்டிய சிங்கிள் எத்தனை, இயக்கப்பட்டவை எத்தனை, ரத்தானவை எத்தனை, ரத்துக்குக் காரணம் என்ன: ஓட்டுநர் இல்லை, நடத்துநர் இல்லை, வண்டிப் பழுது, சாலை நெரிசல், எது எத்தனை" என்று நாள்வாரியாகக் கேளுங்கள். காரணத்தோடுதான் பதிவேட்டில் எழுதுவோம், இல்லை என்று சொல்ல முடியாது. இரவு ஏழுமணிக்கு மேற்பட்ட சிங்கிளைத் தனியாகக் கேளுங்கள், வெட்டு அங்கேதான் அதிகம் விழும். ஒரே மனுவில் பத்து டிப்போவைச் சேர்க்காதீர்கள், ஒன்றுக்கு ஒன்று போடுங்கள்.

#20 வரிகட்டுபவன்

ஐயா எழுதிய வாசகத்தையே எடுத்துக்கொள்கிறேன். வடபழனி, பூந்தமல்லி, ஐயப்பன்தாங்கல் டிப்போக்களுக்கு நான் போடுகிறேன். பதில் வந்ததும் முழுதாக இங்கேயே பதிகிறேன், வராவிட்டால் முதல் மேல்முறையீட்டையும் போடுகிறேன். எண்கள் நன்றாக இருந்தால் அதையும் மறைக்க மாட்டேன்.